ஹாப்கின் பெருமகனார்

பிறர் துன்பங் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். அத்துன்பத்தைத் தீர்க்கும் வழியைத் தேடுவோர் சிலர். தேடிக் கண்ட வழி தீங்கற்றதுதானா என்பதைத் தம் உடம்பிலேயே முதலிற் சோதித்துப் பார்த்து, அதன் பின்னரே பிறர்க்கு உரைப்போர் மிகச் சிலர். அம் மிகச் சிலருள் ஒருவர் வால்டெமர் ஹாப்கின் என்னும் அறிஞர். அயல்நாட்டிற் பிறந்த அவர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நம் நாட்டிற் கழித்தார். வாந்திபேதி, பிளேக்கு என்னும் இரு கொடிய நோய்களினின்றும் நம் மக்களைக் காக்க அல்லும் பகலும் உழைத்தார். அவர் பெற்ற புகழும், இடையில் உற்ற பழியும், அப்பழியினின்று மீண்ட வரலாறும் மாணவர் அறியத்தக்கன.

மக்களைத் தாக்கும் நோய்களுட் பல, உணவின் வழியாகவும் நீரின் வழியாகவும் உடலுட் புகுகின்றன. வேறு பல, விலங்குகளிடமிருந்து மக்களுக்குத் தொற்றுகின்றன. முன்னதற்கு வாந்திபேதி சான்று. பின்னதற்குப் பிளேக்கு சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இவை தோன்றும் முறையை மக்கள் தெளிவாக அறியவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றனர் சிலர். தெய்வத்தின் சினம் என்றனர் வேறு சிலர். 1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், கழிவு கலந்த குடிநீரே வாந்திபேதியைப் பரப்புகிறது என்று காட்டினார். 1884ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக்கு, கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்து, அந்நோய்க்குக் காரணமான கிருமியை நோயாளிகளின் குடலிலும், அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் கண்டார். பகைவன் இன்னான் என்பது தெரிந்தது. அவனை வெல்லும் படைக்கலம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதனைத் தேடிப் புறப்பட்டவரே ஹாப்கின்.

ஹாப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், அந்நாளில் இரசியப் பேரரசின்கீழ் இருந்ததும் இந்நாளில் உக்ரைன் நாட்டில் உள்ளதுமான ஒடெசா என்னும் துறைமுக நகரில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெச்சினிகாவு என்னும் பேரறிஞர். அந்நாளில் இரசிய நாட்டில் யூதர்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். கலகக்காரர் யூதர்களின் வீடுகளைத் தாக்கியபோது, அவர்களைக் காக்கத் திரண்ட இளைஞர் கூட்டத்தில் ஹாப்கினும் ஒருவராய் நின்றார், காயமுற்றார், சிறையும் புகுந்தார். ஆசிரியர் மெச்சினிகாவின் முயற்சியால் விடுதலை பெற்றார். கல்வியில் அவர் மேம்பட்டு விளங்கியும், தம் சமயத்தைத் துறக்க உடன்படாமையால் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. பதவிக்காகக் கொள்கையை விடாத அவ்வுறுதி இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1888ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்திலுள்ள செனீவா நகரை அடைந்து, அங்கே உடலியல் கற்பிக்கும் பணியில் துணைவராக அமர்ந்தார். அடுத்த ஆண்டிற் பாரிசு நகரிலிருந்த பாஸ்டர் நிலையத்தை நாடிச் சென்றார். உலகப் புகழ் வாய்ந்த அந்நிலையத்தில் அப்பொழுது காலியாக இருந்தது நூலகத் துணைவர் வேலை ஒன்றே. அதனை இழிவென்று கருதாமல் ஏற்றார். நூல்களைப் பேணும் கடமை முடிந்தபின் கிடைத்த ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கூடத்திற் கழித்தார். அவருடைய ஊக்கத்தைக் கண்ட நிலையத்தார், விரைவில் அவரை ஆராய்ச்சிப் பணிக்கே உரியவராக்கினர்.

நோய்க்கிருமியின் வலிமையைக் குறைத்து, அதனை உடலிற் செலுத்தினால், உடல் அந்நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பெறும் என்னும் உண்மையைப் பாஸ்டர் பெருமகனார் முன்னரே நிலைநாட்டியிருந்தார். கோழிகளைக் கொல்லும் நோய்க்கும், ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கும், வெறிநாய்க் கடிக்கும் அவர் அம்முறையால் தடுப்பு மருந்து கண்டிருந்தார். அவ்வழியையே ஹாப்கின் வாந்திபேதிக்கும் மேற்கொண்டார். கிருமியைச் சீமை எலிகளின் உடலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை செலுத்தி, அதன் வலிமையை நிலையான ஓர் அளவுக்கு உயர்த்தினார். பின்னர் அதனை வெப்பமான காற்றோட்டத்தில் வளர்த்து மெலிவித்தார். மெலிந்த கிருமியை முதலிலும், சில நாள் கழித்து வலிய கிருமியை அடுத்தும் ஊசியாற் செலுத்துவது அவர் கண்ட முறை.

சீமை எலிகளும் முயல்களும் இம்மருந்தால் நோயினின்று தப்பின. எனினும், விலங்குக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? ஏழை ஒருவனையோ சிறையாளி ஒருவனையோ பிடித்துச் சோதிக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1892ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், மருந்தைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, ஊசி ஏற்றிய இடத்தில் வலி தோன்றியது, விரைவில் அவை நீங்கின. ஆறு நாள் கழித்து வலிய மருந்தையும் ஏற்றார். தீங்கு ஒன்றும் நேரவில்லை. அவர்தம் நண்பர் மூவர் அவரைப் பின்பற்றி ஊசி ஏற்றுக்கொண்டனர். தாம் கண்ட உண்மையை அத்திங்களின் இறுதியிலேயே பாரிசு நகரத்து அறிஞர் அவைக்கு அவர் அறிவித்தார்.

வாந்திபேதி அப்பொழுது இரசிய நாட்டில் மிகுதியாகப் பரவியிருந்தது. தம்மைத் துரத்திய தாய்நாட்டிற்கே அம்மருந்தை முதலில் அளிக்க ஹாப்கின் விரும்பினார்; இரசிய அரசு அதனை ஏற்கவில்லை. அந்நாளில் பாரிசு நகரில் ஆங்கில அரசின் தூதராக இருந்தவர் டப்பரின் பிரபு. இந்தியாவில் அரசப் பிரதிநிதியாய் இருந்து, வாந்திபேதியின் கொடுமையை நேரிற் கண்டவர் அவர். இந்தியாவுக்குச் சென்று தொண்டாற்றுமாறு அவர் ஹாப்கினுக்கு வழிகாட்டினார். 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாப்கின் கல்கத்தாவை அடைந்தார்.

வந்தவரை நாடு எளிதில் வரவேற்கவில்லை. அரசாங்க மருத்துவருட் பலர் புது முறையை நம்பவில்லை. அயல்நாட்டார் கையிலுள்ள ஊசியைக் கண்டு மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. நலமாய் இருக்கும் உடம்பில் நோய்க்கிருமியைச் செலுத்துதல் யாருக்கும் அச்சந் தருவதே. ஹாப்கின் அவர்களை இகழவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. குடிசைப் பகுதிகளுக்கு நடந்து சென்றார். மக்கள் காணத் தமக்கும் ஊசி ஏற்றிக்காட்டினார். இந்திய மருத்துவர் நால்வர் அவருக்குத் தோள்கொடுத்துத் துணைநின்றனர். மக்களின் மொழி பேசும் அவர்கள் உடனிருந்தமையால், மக்கள் உள்ளத்தில் நம்பிக்கை மெல்லத் துளிர்த்தது.

1894ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவின் நலத்துறைத் தலைவர் சிம்சன், ஒரு குடிசைப் பகுதியின் குளத்து நீரைச் சோதிக்க ஹாப்கினை அழைத்தார். அப்பகுதியின் பெயர் காட்டல் பாகான். பலாத்தோட்டம் என்பது அதன் பொருள். பண்ணுருட்டி, காடாம்புலியூர் ஆகிய ஊர்ப்பக்கத்துப் பலாத் தோப்புகளை அறிந்த மாணவர்க்கு இப்பெயர் இனிக்கும். ஆனால், அங்கு நிலவியதோ கசப்பான நிலை. குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் நடந்தன. வாந்திபேதி தோன்றி மக்கள் இறந்துகொண்டிருந்தனர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி ஏற்றுக்கொண்டனர். அதன்பின் அப்பகுதியிற் பத்துப் பேர் நோயுற்றனர். அவருள் எழுவர் இறந்தனர். அப் பதின்மரும் ஊசி ஏற்றுக்கொள்ளாதவர்களே. ஒரே இடத்தில், ஒரே நீரைப் பருகி வாழ்ந்த இரு கூட்டத்தாரை ஒப்பிட்டுக் கண்ட இவ்வுண்மை, ஐயுற்றிருந்தோரையும் சிந்திக்கச் செய்தது.

பின்னர் ஹாப்கின் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றார். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த கூலி மக்களுக்கும் ஊசி ஏற்றினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் நாற்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் அவரால் தடுப்பு மருந்து பெற்றனர். ஓயாத உழைப்பினாலும் மலேரியாக் காய்ச்சலினாலும் உடல்நலங் குன்றி, 1895ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். நலம் பெற்றதும் மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார்.

1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரிற் பிளேக்கு நோய் தோன்றியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும், கடுங்காய்ச்சல் வரும், சில நாளில் உயிர் போகும். கடைகள் அடைக்கப்பட்டன, இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். அரசின் வேண்டுகோளை ஏற்று ஹாப்கின் அக்டோபர்த் திங்களிற் பம்பாய் சேர்ந்தார். கிராண்ட்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய நடைவழியுமே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிக்கூடம். ஓர் எழுத்தரும் ஏவலர் மூவருமே அவருக்கு வாய்த்த துணை. உயிருள்ள பிளேக்குக் கிருமியுடன் இரவுபகலாகப் பழக வேண்டியிருந்தது. அச்சத்தாலும் அயர்ச்சியாலும் உதவியாளர் சிலர் விலகினர். ஹாப்கின் விலகவில்லை.

பிளேக்குக் கிருமியை 1894ஆம் ஆண்டில் ஆங்காங்கு நகரில் எர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்திருந்தார். அக்கிருமியைப் பேரளவில் வளர்க்க ஹாப்கின் ஓர் எளிய வழி கண்டார். இந்நாட்டு மக்களின் மனம் நோகாதவாறு, மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விலக்கி ஆட்டிறைச்சிச் சாற்றைக் கொண்டார். அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஆலமரத்து விழுதுகள்போற் கீழ்நோக்கி வளர்ந்தன. பின்னர் அச்சாற்றை வெப்பமூட்டிக் கிருமிகளைக் கொன்றார். செத்த கிருமிகளைக் கொண்ட அந்நீரே தடுப்பு மருந்தாயிற்று. மூன்று திங்களில் இப்பணி முடிந்தது. 1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள், முன்போலவே தம் உடம்பில் முதலிற் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்து நீங்கியது. அத்திங்களிலேயே பம்பாய் பைகுல்லாச் சிறையிற் பிளேக்கு தோன்றவே, அங்கே விரும்பி முன்வந்தோர்க்கு ஊசி ஏற்றினார். ஏற்றுக்கொண்டோரில் நோயால் இறந்தவர் எவரும் இலர். ஏற்காதோரிற் சிலர் இறந்தனர்.

அந்நாளில் ஆங்கில அரசு பிளேக்கை ஒடுக்கக் கடுமையான வழிகளைக் கையாண்டது. வீடு புகுந்து சோதித்தலும், நோயுற்றோரைக் குடும்பத்தினின்று பிரித்துக் கொண்டுபோதலும் மக்களின் சினத்தைக் கிளறின. அச்சினத்தின் நடுவே, விரும்புவோர் மட்டும் ஏற்கும் தடுப்பூசியை மக்கள் நம்பும்படி செய்வது எளிய செயலன்று. இசுலாமியரில் ஒரு பிரிவினராகிய கோசா மக்களின் தலைவர் ஆகாகான் அப்பொழுது இருபது வயது இளைஞர். அவர் தாமே ஊசி ஏற்றுக்கொண்டு, தம் மக்களையும் ஏற்கச் செய்தார். ஹாப்கினின் ஆராய்ச்சிக்குத் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாய்ப் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக்கு ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஹாப்கின் அதன் தலைவரானார்.

இந்நோய் பரவும் முறையும் அந்நாளிலேயே வெளிப்பட்டது. மனிதர் நோயுறுமுன் வீட்டெலிகள் செத்து விழுவதை மக்கள் கண்டிருந்தனர். 1898ஆம் ஆண்டில் கராச்சி நகரில் சிமாண்டு என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிச் சாடியின் அடியில் விட்டார். நலமுள்ள எலி ஒன்றைக் கம்பிவலைக் கூட்டில் வைத்து அதன்மேல் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. தெள்ளுப் பூச்சி மட்டும் தாவிச் செல்லலாம். மேலிருந்த எலியும் பிளேக்கால் இறந்தது. எலியினின்று எலிக்கும், எலி மடிந்தபின் மனிதனுக்கும் தெள்ளுப் பூச்சியே நோயைச் சுமந்து செல்கிறது என்பது இதனால் விளங்கியது. அறிஞர் பலர் முதலில் இதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளின் பின்னர் அப் பரேல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே நடந்த சோதனைகள் இதனை ஐயமற உறுதிப்படுத்தின.

ஹாப்கினின் புகழ் உயர்ந்திருந்த வேளையிற் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. 1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர் தடுப்பூசி பெற்றனர். அவருள், ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் சில நாளில் இசிவு நோய் கண்டு இறந்தனர். நம்பிக் கைநீட்டிய எளிய மக்களின் சாவு நாட்டையே நடுங்கச் செய்தது. பழி முழுவதும் ஹாப்கின்மேல் விழுந்தது.

அரசு அமைத்த விசாரணைக் குழு, புட்டியைத் திறக்கும் முன்னரே, ஆராய்ச்சிக்கூடத்திலேயே மருந்து கெட்டிருத்தல் வேண்டும் என்று கருதியது. மருந்திற் கார்பாலிக்கு அமிலம் சேர்ப்பதைவிட்டு, வெப்பத்தாலேயே அதனைத் தூய்மை செய்யும் முறையை ஹாப்கின் மேற்கொண்டிருந்ததும் குற்றமாக எண்ணப்பட்டது. அம்முறை பாரிசு பாஸ்டர் நிலையத்தில் முன்னரே வழங்கிய முறைதான் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஹாப்கின் பதவியினின்று விலக்கப்பட்டார். நாற்பதாண்டு கடந்த பருவத்திற் பணியும் இழந்து, பெயரும் மாசுற்று, இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

ஆயினும், உண்மை புட்டியிலேயே இருந்தது. அன்று மல்கோவாலில் மருந்துப் புட்டியைத் திறந்த உதவியாளர், இடுக்கியைத் தரையில் நழுவவிட்டிருந்தார். மண்ணில் இசிவு நோய்க் கிருமி உண்டு. அவ்விடுக்கியை நெருப்பில் வாட்டித் தூய்மை செய்யாமல், மருந்து நீரில் அலசி, அதைக் கொண்டே புட்டியின் மூடியை நீக்கியிருந்தார். மேலும், பம்பாயிலேயே மருந்து கெட்டிருந்தால், இடைப்பட்ட நாட்களில் கிருமி பெருகிப் புட்டியைத் திறந்தவுடன் தீநாற்றம் வீசியிருக்க வேண்டும். அன்று ஊசி ஏற்றிய மருத்துவர் அத்தகைய நாற்றம் எதனையும் உணரவில்லை. அதே நாளில் மற்றப் புட்டிகளிலிருந்து மருந்து பெற்றோர்க்கும் தீங்கு நேரவில்லை. இலண்டனிலுள்ள லிஸ்டர் நிலையத்தாரும் சான்றுகளை ஆராய்ந்து, புட்டி திறக்கப்பட்டபோதே மாசு புகுந்தது என்னும் கருத்தை வலியுறுத்தினர்.

மலேரியாவைக் கொசு பரப்புவதை இந்தியாவில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், ஹாப்கினுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு அமைதியாய் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அவரும் பிற அறிஞரும் சேர்ந்து பதின்மர் கையெழுத்திட்ட மடல் ஒன்று இலண்டன் டைம்சு இதழில் வெளியாயிற்று. கல்கத்தாவில் அவருடைய பணியை நேரிற் கண்ட சிம்சனும் அதிற் கையெழுத்திட்டிருந்தார். மக்கள் மன்றத்திலும் வினாக்கள் எழுந்தன. அவ்வாண்டின் இறுதியில் ஹாப்கின்மேல் இருந்த பழி நீங்கியது.

அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஆனால், தாம் உருவாக்கிய பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு பதவி அளிக்கப்பட்டது. அங்கும் புது மருந்துகளை மக்களிடையே சோதிக்க அவருக்கு இசைவு தரப்படவில்லை. பழி நீங்கினும் அதன் வடு முற்றும் மறையவில்லை. அதற்காக அவர் எவரையும் வைது திரியவில்லை. கிடைத்த பணியைச் செய்து, 1914ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். இறுதிக் காலத்தில் தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதச் சிறுவர்களின் கல்விக்கு அறமாக வைத்தார். 1930ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள், சுவிட்சர்லாந்திலுள்ள லொசான் நகரில் உயிர் நீத்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1925ஆம் ஆண்டில், பரேல் ஆராய்ச்சிக்கூடத்திற்கு ஹாப்கின் நிலையம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1897 முதல் 1925 வரை அங்கிருந்து 2 கோடியே 60 இலட்சம் முறைக்குரிய பிளேக்குத் தடுப்பு மருந்து வெளியே அனுப்பப்பட்டது. அவ்வாண்டுகளிற் பிளேக்கால் இந்தியாவில் மாண்டவர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அம்மருந்து இல்லையேல் அத்தொகை இன்னும் பெருகியிருக்கும். 1964ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

ஹாப்கினின் ஊசி மருந்துகள் இன்று வழக்கில் இல்லை. வாந்திபேதிக்கு வாய்வழி கொடுக்கும் தடுப்பு மருந்துகள் வந்துவிட்டன. நோயுற்றோர்க்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காக்கிறது. பிளேக்கைத் தீர்க்க நல்ல மருந்துகள் உள்ளன. ஆயினும், நோய் பரவும் வழிகள் அடைபட்டுவிடவில்லை. 1994ஆம் ஆண்டில் சூரத்து நகரிற் பிளேக்குத் தோன்றியபோது, நூறாண்டுக்கு முன் பம்பாயில் ஓடியதுபோலவே மக்கள் ஊரைவிட்டு ஓடினர். மழைக்காலத்து வயலிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வருகிறது. வெறிநாய்க் கடி இன்றும் உயிர் கொள்கிறது. காய்ச்சாத பாலும், மூடாத பண்டமும், மாசுற்ற நீரும் இன்றும் குடல் நோய்களை விளைக்கின்றன. கிணற்றைச் சுற்றித் தூய்மை பேணுதல், குடிநீரைக் காய்ச்சுதல், உண்ணுமுன் கைகழுவுதல், தானியக் குதிர்களை எலி அண்டாமற் காத்தல், நாய் கடித்தால் காலந் தாழ்த்தாது ஊசி ஏற்றுக்கொள்ளுதல் ஆகியவை காடாம்புலியூர் போன்ற ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாணவனும் செய்யத்தக்க காவற்பணிகள்.

அறிவும் இரக்கமும் கூடினால் எத்துணை உயிரைக் காக்கலாம் என்பதை ஹாப்கினின் வாழ்வு காட்டுகின்றது. கருவி ஒன்றைத் தூய்மை செய்யத் தவறிய சிறு பிழை 19 உயிர்களையும் ஓர் அறிஞரின் ஐந்தாண்டு வாழ்வையும் கொண்டுபோயிற்று என்பதையும் அது காட்டுகின்றது. பெரிய செயலிற் சிறிய கடமையும் பெரிதே. ஆராயாது ஒருவர்மேற் பழி சுமத்துதல் எளிது. ஆராய்ந்து அப்பழியை நீக்குதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தோரையும், பழியைச் சுமந்தும் பணியை விடாத அப் பெருமகனாரையும் நன்றியுடன் நினைத்தல் நம் கடமையாகும்.